டிஜே கத்துக்க ஆரம்பிச்சவங்க, உங்க அனுபவத்தை இங்க சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். கன்ட்ரோலரை (பாட்டு கலக்குறதுக்கான பட்டன், நாப் எல்லாம் இருக்கிற பெட்டி) லேப்டாப்ல மாட்டி, ரெண்டு டெக்ல ரெண்டு பாட்டு ஏத்தி, சிங்க் பட்டனை அமுக்கினதும் ரெண்டும் ஒரே வேகத்துல ஓடுச்சு. கிராஸ்ஃபேடரை அந்தப் பக்கம் தள்ளினா பாட்டு மாறிடுச்சு. இதுல கத்துக்க என்ன இருக்குன்னுதான் தோணுச்சு. அப்புறம் ரெக்கார்ட் பண்ணி சாவகாசமா கேட்டேன். பீட் எல்லாம் கரெக்டா ஒண்ணு மேல ஒண்ணு விழுது, ஆனா பாட்டு மாறுற இடத்துல மட்டும் ஒருத்தர் பேசிட்டிருக்கும்போதே இன்னொருத்தர் குறுக்க புகுந்து பேசுற மாதிரி இருந்துச்சு, ஏன்னு மட்டும் பிடிபடவே இல்ல.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா ரொம்ப வருஷமா வாசிக்கிறவங்க, அவங்க வந்து கேட்டுட்டு லேப்டாப் ஸ்க்ரீன் மேல ஒரு துணியைப் போட்டு மூடிட்டாங்க. "இப்ப 32 வரைக்கும் எண்ணு"ன்னாங்க. அவ்ளோதான் பாடம். டான்ஸ் மியூசிக்ல பெரும்பாலும் 4 பீட் ஒரு பார், 8 பார் சேர்ந்தா ஒரு ஃப்ரேஸ், அதாவது 32 பீட். 128 பிபிஎம் (நிமிஷத்துக்கு 128 பீட்) பாட்டுன்னா அது சரியா 15 செகண்ட். புதுசா ஒரு சத்தம் உள்ள வர்றதும், டிரம்ஸ் நிக்கிறதும், குரல் ஆரம்பிக்கிறதும் முக்கால்வாசி இந்த எல்லையிலதான் நடக்கும். சிங்க் பட்டன் வேகத்தை சேர்த்துக் கொடுக்கும், பீட்டை பீட் மேல உக்கார வைக்கும், ஆனா ஓடிட்டிருக்கிறது 32ல எத்தனாவது பீட்டுன்னு பொதுவா அதுக்கு கவலையே இல்ல. நான் 13வது பீட்ல ப்ளே அமுக்கினாலும் "சரி"ன்னு கூடவே ஓடும். ஓடுற பாட்டுல ஒரு ஃப்ரேஸ் முடிஞ்சு அடுத்தது தொடங்குற அந்த முதல் பீட்ல புது பாட்டை விட்டுப் பாருங்க, அப்புறம் ஈக்யூவை (பேஸ், ட்ரெபிளை ஏத்தி இறக்குற நாப்) தொடலைன்னாலும் பாதி மிக்ஸ் தானா நல்லா வந்துடும்.

எண்ணுறது போர்தான், ஒத்துக்கிறேன். ஆனா கன்ட்ரோலரே வேணாம், சும்மா நடந்து போகும்போது ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டே எண்ணலாம். கொஞ்ச நாள்ல எண்ணாமலே "இப்ப மாறப் போகுது"ன்னு உடம்புக்கே தெரியும்.

* * *

மேல எழுதின நண்பர் சொன்னது அத்தனையும் சரி. ஆனா சிங்க்கை பத்தி ஒரு சண்டை எப்பவும் ஓடிட்டே இருக்குமே, "சிங்க் அமுக்குறவன் டிஜேவே இல்ல"ன்னு, அதை நேர்லயே வாங்கிக் கட்டிக்கிட்ட ஆள் நான். ஒரு பார்ட்டில எனக்கு முன்னாடி வாசிச்சவர் வினைல் (இசைத்தட்டு) காலத்து ஆளு. என் கன்ட்ரோலரைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க! ஆனா மனுஷன் நல்லவரு, முடிஞ்சப்புறம் உக்கார வச்சு சொல்லிக் கொடுத்தாரு. நம்ம கன்ட்ரோலர்ல ஓரமா நீளமா ஒரு டெம்போ ஸ்லைடர் இருக்கே, அது டர்ன்டேபிள்ல இருந்து வந்தது, 1979ல வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2ல அது மேல 8 சதவீதம் கீழ 8 சதவீதம் வரைக்கும் போகும். 120 பிபிஎம் பாட்டை முழுசா ஏத்தினா 129.6, அதுக்கு மேல அந்த மெஷின்ல போகாது, அதனால எந்தப் பாட்டுக்குப் பின்னாடி எந்தப் பாட்டு வைக்கலாம்ங்கிறதையே அந்த 8 சதவீதத்தை வச்சுதான் யோசிப்பாங்களாம். இப்ப சாஃப்ட்வேர்ல 16, 50னு எவ்ளோ வேணும்னாலும் மாத்திக்கலாம், ஆனா ஒரு பாட்டை 16 சதவீதம் ஏத்தினா கீ லாக் (வேகம் மாறினாலும் சுருதி மாறாம வைக்கிற வசதி) போட்டிருந்தாலும் குரல் ஒரு மாதிரி தகரமாத்தான் கேக்கும்.

அவர் கத்துக் கொடுத்த இன்னொண்ணு, சிங்க்கை அணைச்சுட்டு காதால சேர்க்கிறது. ரெண்டு பாட்டோட கிக்கும் (பெரிய டிரம் அடி) ஒண்ணா விழுந்தா ஒரே கிக் மாதிரி கனமா கேக்கும், கொஞ்சம் விலகினா "டக்-டக்"னு ரெட்டையா கேக்கும். எந்தப் பாட்டு முந்துதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். எனக்கு உதவினது என்னன்னா, ஒரு காதுல ஹெட்ஃபோன், இன்னொரு காதுல ஸ்பீக்கர், ஜாக் வீலை (கன்ட்ரோலர்ல இருக்கிற வட்டத் தட்டு) லேசா பின்னாடி இழுத்துப் பாக்கிறது. ரெட்டைச் சத்தம் இன்னும் விலகினா தப்பான திசை, நெருங்கினா சரியான திசை.

இவ்ளோ கஷ்டப்பட்டு இது எதுக்குன்னு கேப்பீங்க. எதுக்குன்னா சாஃப்ட்வேர் போடுற பீட்கிரிட் (பீட் எங்கெங்க விழுதுன்னு காட்டுற கோடுகள்) எப்பவும் சரியா இருக்காது. கம்ப்யூட்டர் கிளிக் இல்லாம மனுஷங்களே டிரம்ஸ் வாசிச்ச பழைய ரெக்கார்டிங்ல வேகம் ஏறும், இறங்கும், முதல் நிமிஷத்துல கரெக்டா இருக்கிற கிரிட் மூணாவது நிமிஷத்துல எங்கயோ நிக்கும். சில பாட்டு 70ன்னு இருக்கும், சாஃப்ட்வேர் 140ன்னு காட்டும், 87ஐ 174ன்னு காட்டும். அந்த மாதிரி பாட்டு ரெண்டை சிங்க் பண்ணா ஸ்க்ரீன்ல கோடெல்லாம் அழகா நேரா நிக்குது, ஸ்பீக்கர்ல கேட்டா சட்டி பானை உருளுது. நானும் இன்னைக்கு சிங்க் அமுக்கிட்டுத்தான் வாசிக்கிறேன், அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. ஆனா அது தப்புப் பண்ற நேரம் காதுதான் முதல்ல கண்டுபிடிக்குது.

* * *

சின்னதா என்னோடது. ஹெட்ஃபோன் விஷயம் யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல.

லேப்டாப்ல சாதாரணமா ஒரே ஒரு ஸ்டீரியோ அவுட்புட்தான். கூட்டத்துக்கு ஒரு பாட்டு, உங்க காதுக்கு மட்டும் அடுத்த பாட்டுன்னு பிரிக்க ரெண்டு ஜோடி அவுட்புட் வேணும். கன்ட்ரோலருக்குள்ள சவுண்ட் கார்ட் இருக்கான்னு பாத்து வாங்குங்கன்னு சொல்றது இதுக்குத்தான். அது இருந்தும் ஹெட்ஃபோன்ல சத்தம் வரலைன்னா சாஃப்ட்வேர் செட்டிங்ஸ்ல அவுட்புட் இன்னமும் லேப்டாப் ஸ்பீக்கருக்கே போகும், அங்க மாத்தணும்.

ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேணவே வேணாம். சத்தம் லேட்டா வரும், காதால பீட் சேர்க்கவே முடியாது. வயர் இருக்கிறதா எடுங்க.

பட்டன் அமுக்கினா சத்தம் தாமதமா வருதா, பஃபர் சைஸைப் (சாஃப்ட்வேர் ஒரு தடவைக்கு எவ்ளோ சத்தத்தை சேர்த்து அனுப்புதுங்கிற அளவு) பாருங்க. 44,100 ஹெர்ட்ஸ்ல 512 சாம்பிள்னா கிட்டத்தட்ட 12 மில்லிசெகண்ட், 128னா 3. சும்மா மிக்ஸ் பண்ண 512 தாராளம், ஸ்க்ராட்ச் பண்றவங்கதான் (தட்டை முன்ன பின்ன தேய்ச்சு சத்தம் எழுப்புறவங்க) குறைக்கணும். ரொம்ப குறைச்சா லேப்டாப் மூச்சு வாங்கி "பட் பட்"னு உடையும். வாசிக்கும்போது சார்ஜர் போட்டிருக்கட்டும், நோட்டிஃபிகேஷன் எல்லாம் ஆஃப்.

* * *

ஸ்க்ரீனை மூடுன அக்காவுக்கு ஒரு சலாம் 😄

நான் பாத்த வரைக்கும் புதுசா வர்றவங்க எஃபெக்ட்ஸ் பட்டனுக்கு கொடுக்கிற மரியாதையை கெயின் நாப்க்கு கொடுக்கிறதில்ல. ஒரு பாட்டு சத்தமா மாஸ்டர் பண்ணியிருப்பாங்க, இன்னொண்ணு மெதுவா இருக்கும், சேனல் ஃபேடரை முழுசா மேல வச்சுக்கிட்டு அந்த வித்தியாசத்தை சரி பண்ணத்தான் கெயின். லெவல் மீட்டர்ல சிவப்பு எரிஞ்சா நல்லா அடிக்குதுன்னு நினைக்காதீங்க. வெளிய போற இடத்துல சிக்னல் வெட்டுப்பட்டுச்சுன்னா ஸ்பீக்கர் சத்தத்தை குறைச்சாலும் அந்தக் கரகரப்பு போகாது. அப்புறம் பேஸ். ரெண்டு பாட்டோட பேஸும் ஒண்ணா ஓடினா கீழ குழப்பமா ஆயிடும். வர்ற பாட்டோட லோ நாப்பை முழுசா அணைச்சு வச்சுட்டு ஃப்ரேஸ் மாறுற அந்த பீட்ல இதை ஏத்தி அதை இறக்குங்க, ரெண்டு கையும் ஒரே நேரத்துல. கீ மேட்சிங் (சுருதி ஒத்துப்போற பாட்டா சேர்க்கிறது) பத்தி நிறைய பேசுவாங்க, சாஃப்ட்வேர் சுருதிக்குப் போடுற குறியீட்டுல 8ஏல இருந்து 7ஏ, 9ஏ, இல்ல 8பிக்கு போலாம்னு. நல்ல விஷயம்தான். ஆனா வெறும் டிரம்ஸ் மட்டும் ஓடுற இன்ட்ரோ மேல மிக்ஸ் பண்ணும்போது அது பெருசா தெரியாது, அதனால முதல்ல லோ நாப்பை பழகுங்க.

ஒரு தடவை கரெக்டா அந்த பேஸ் மாத்துற நேரத்துல ஒருத்தர் வந்து ஃபோனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி "இந்தப் பாட்டு போடுங்க ப்ரோ"ன்னாரு, பாத்தா அப்ப ஓடிட்டிருந்ததே அந்தப் பாட்டுதான். "இதோ போட்டாச்சு"ன்னேன். அவருக்கு அவ்ளோ சந்தோஷம்!

* * *

எல்லாரும் சொன்னதை நோட் பண்ணிக்கிட்டேன். ஒரே ஒரு கேள்வி, கன்ட்ரோலர் இல்லாம ஆரம்பிக்கலாமா? கையில இப்போதைக்கு பழைய லேப்டாப் மட்டும்தான் இருக்கு.

* * *

தாராளமா பாஸ். மிக்ஸ் (Mixxx)னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, ஓப்பன் சோர்ஸ், இலவசம், விண்டோஸ் மேக் லினக்ஸ் மூணுலயும் ஓடும், கீபோர்ட்லயே வாசிக்கலாம், ரெக்கார்டிங்கும் அதுலயே இருக்கு. ரெண்டு நாப்பை ஒரே நேரத்துல திருப்ப மட்டும் மவுஸ்ல முடியாது. ஃப்ரேஸ் எண்ணுறது, க்யூ பாயின்ட் (பாட்டை எங்கிருந்து விடணும்ங்கிற அடையாளம்) வைக்கிறது, பாட்டு தேர்ந்தெடுக்கிறது எல்லாம் இப்பவே பழகிடலாம். பாட்டு ஃபைல் மட்டும் நல்லதா வச்சுக்கோங்க, 128 கேபிபிஎஸ் எம்பி3ஐ 320க்கு கன்வர்ட் பண்ணா ஃபைல் சைஸ்தான் ஏறும், போன சத்தம் திரும்பி வராது.