அடிக்கடி வரும் ஈஸ்ட் இன்ஃபெக்ஷன்: உங்களுக்கு எதனால் வந்தது, எதில் நின்றது?

சர்க்கரை மாத்திரை மாற்றிய பிறகு கீழே, அதாவது பெண்ணுறுப்பில், அரிப்பு ஆரம்பித்திருந்தால் இரண்டையும் சேர்த்து யோசியுங்கள். என் விஷயத்தில் அப்படிச் சேர்த்து யோசிக்க ஒரு டாக்டர் கிடைப்பதற்குள் ஒரு வருடம் போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

வயது 44, மதுரைப் பக்கம். அரிப்பு, எரிச்சல், திரிந்த பால் மாதிரி வெள்ளைப்படுதல், ஒன்றுக்குப் போனால் காந்தும். நாற்றம் கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை 150 மி.கி. ஒன்று தருவார்கள், நாலைந்து நாளில் சரியாகும், அடுத்த மாதவிடாய்க்கு முன்னால் மறுபடி வந்து நிற்கும். வீட்டில் சூடு என்றார்கள், வெந்தயம் ஊற வைத்துக் குடி, எண்ணெய் தேய்த்துக் குளி என்றார்கள். அவர்கள் அக்கறையில் சொன்னதுதான், ஆனால் அரிப்பு போகவில்லை.

கடைசியாகப் பார்த்த லேடி டாக்டர்தான் "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, எல்லாத்தையும் எடுங்க" என்று பையைக் கொட்டச் சொன்னார். அதில் எனக்கு மாற்றிக் கொடுத்த சர்க்கரை மாத்திரை டாபாகிளிஃப்ளோசின் இருந்தது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவதுதான் அந்த மாத்திரையின் வேலையே. எம்பாகிளிஃப்ளோசினும் அதே வகை. சிறுநீரில் சர்க்கரை போனால் அந்த இடத்தில் கேண்டிடா என்ற பூஞ்சை நன்றாக வளரும். இந்தியாவில் 2020-ல் டாபாகிளிஃப்ளோசினுக்கும் 2025-ல் எம்பாகிளிஃப்ளோசினுக்கும் காப்புரிமை முடிந்து விலை இறங்கிவிட்டதால் இப்போது நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள், எழுதிக் கொடுக்கும்போதே பெண்களிடம் இதை ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

ஆனால் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மாத்திரை அது. எனக்குச் சர்க்கரை டாக்டரிடம் கடிதம் கொடுத்து அனுப்பி அவர் மாற்றிக் கொடுத்தார். சிலருக்கு மாற்றாமலே பூஞ்சைக்கு மட்டும் மருந்து கொடுத்துத் தொடர்வார்களாம்.

சிகிச்சை இப்படி: முதலில் உள்ளிருந்து ஸ்வாப் (பஞ்சுக் குச்சியில் மாதிரி) எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள், எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பினார்கள். கேண்டிடா அல்பிகன்ஸ் என்று வந்தது, பெரும்பாலானவர்களுக்கு இதுதான் வருமாம். 150 மி.கி. மாத்திரை முதல் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள். அப்புறம் வாரம் ஒன்று, ஆறு மாதம். வருடத்தில் மூன்று நான்கு முறை வந்தாலே "திரும்பத் திரும்ப வருவது" என்று எடுத்துக்கொண்டு இந்த நீண்ட சிகிச்சைக்குப் போவார்கள், ஒற்றை மாத்திரையோடு விடமாட்டார்கள். இன்னொன்று, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஃப்ளூகோனசோல் சேரும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். எனக்குக் கை நடுங்கி வியர்த்தது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது.

* * *

அக்கா, ரொம்ப நன்றி. எனக்கு 27 வயது, சர்க்கரை கிடையாது, எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) பார்த்தும் நார்மல்தான்.

எனக்கு ஆரம்பித்தது ஆன்டிபயாடிக்கில். யூரினரி இன்ஃபெக்ஷன் என்று ஒரு கிளினிக்கில் கோர்ஸ் கொடுத்தார்கள், அது முடியும்போது அரிப்பு. எரிகிறது என்று மறுபடி போனால் யூரின் கல்ச்சர் எடுக்காமலே இன்னொரு ஆன்டிபயாடிக். அந்த இடத்தைப் புளிப்பாக வைத்துப் பூஞ்சையை அடக்கி வைத்திருக்கும் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல கிருமிகளும் அதில் செத்துப்போகும், பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். ஒன்றுக்குப் போகும்போது எரிந்தாலே யூரினரி இன்ஃபெக்ஷன் என்று முடிவு கட்டுவது எனக்கு இன்னும் கோபம் வரவைக்கும் விஷயம்.

ஃப்ளூகோனசோலும் சரியாகக் கேட்கவில்லை. கல்ச்சரில் வந்தது கேண்டிடா கிளாப்ராட்டா. அதற்கு அந்த மாத்திரை அவ்வளவாக வேலை செய்யாது. போரிக் அமிலம் 600 மி.கி. காப்ஸ்யூல், இரவில் உள்ளே வைத்துக்கொள்வது, மூன்று வாரம். எல்லாக் கடையிலும் கிடைக்கவில்லை, டாக்டர் சொன்ன இடத்தில் தயாரித்துக் கொடுத்தார்கள். வாயில் போட்டால் விஷம், கர்ப்பமாக இருந்தால் கூடவே கூடாது. கேரம் போர்டுக்குப் போடும் போரிக் பவுடரை எடுத்து யாரும் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், ப்ளீஸ். எனக்கு அதில்தான் நின்றது.

நாற்றம் இருந்தால் கதை வேறு. மீன் வாடை, சாம்பல் நிறத்தில் நீர்த்த கசிவு என்றால் அது பெரும்பாலும் பாக்டீரியா, அதற்கு மெட்ரோனிடசோல். பூஞ்சை மருந்து அதற்குப் பயன்படாது.

* * *

நான் ஏழாம் மாதம். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் இது சகஜம் என்றார் டாக்டர். மாத்திரை விழுங்கக் கொடுக்கவில்லை, க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து, உள்ளே வைக்கும் மாத்திரை 100 மி.கி., ஏழு இரவு. போன முறை சாப்பிட்ட ஃப்ளூகோனசோல் வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

* * *

அம்மாவுக்காக எழுதுகிறேன். வயது 63. ராத்திரி தூங்க விடாத அரிப்பு. ஃபங்கஸ் என்று சொல்லி க்ரீம் மாற்றி க்ரீம் கொடுத்தார்கள், யாரும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால் நிஜமாகவே பார்க்கவில்லை, உடையை விலக்கி ஒருவரும் பரிசோதிக்கவில்லை. அம்மாவும் கூச்சத்தில் கேட்கவில்லை.

தோல் டாக்டர் ஒருவர்தான் பார்த்ததும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று சந்தேகப்பட்டு, சின்னதாகத் தோல் எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார். தோல் வெளுத்து, மெலிந்து, சுருங்கிப்போகும் நோய். மாதவிடாய் நின்ற பிறகு, சர்க்கரையோ ஹார்மோன் சிகிச்சையோ இல்லாதவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று வருவது குறைவு, அதனால் அந்த வயதில் அரிப்பு என்றால் வேறு காரணம் தேட வேண்டும் என்றார். சிகிச்சை க்ளோபிடசோல் என்ற கடுமையான ஸ்டீராய்டு களிம்பு. ஸ்டீராய்டு கலந்த க்ரீமை ஈஸ்டுக்குப் போட்டால் கெடுதல், அம்மாவுக்கோ அதுதான் மருந்து. அளவு மீறாமல் போடுகிறார்கள், தொடர்ந்து செக்கப் போக வேண்டும், ஏனென்றால் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அந்த இடத்தில் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு. அம்மா இப்போது தூங்குகிறார்.

* * *

முதலில் எழுதியவள்தான் மறுபடி வருகிறேன். தனி மெசேஜில் கேட்ட தங்கைக்கு இங்கேயே பதில் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

கணவருக்கும் மாத்திரை கொடுக்க வேண்டுமா? பொதுவாகத் தேவையில்லை. அவருக்கு முனையில் சிவப்பு, அரிப்பு இருந்தால் மட்டும் காட்டுங்கள். இது யாரோ ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொண்டு வந்த நோய் இல்லைம்மா. கேண்டிடா நிறையப் பெண்கள் உடம்பில் தொந்தரவில்லாமல் சும்மா இருப்பதுதான், சூழல் மாறும்போது பெருகுகிறது. உன் மேல் அவருக்கும் அவர் மேல் உனக்கும் சந்தேகம் வர இதில் ஒன்றுமே இல்லை. அவர் கேட்கவில்லை என்றால் டாக்டர் முன்னால் உட்கார வைத்து அவரையே சொல்லச் சொல். உள்ளே வைக்கும் மருந்து எண்ணெய்ப் பசை உள்ளதாக இருந்தால் ஆணுறை கிழியலாம், அந்த நாட்களில் கவனம்.

டெட்டால் ஊற்றிக் கழுவுவது, வாசனை வாஷ், இதெல்லாம் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். தயிரைத் தாராளமாகச் சாப்பிடு, உள்ளே தடவாதே.

ஆறு மாதம் முடித்து நிறுத்தினால் வராதா என்று கேட்டிருந்தாய். ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கும் ஒருமுறை எட்டிப் பார்த்தது. ஸ்வாப் எடுத்தே மருந்து ஆரம்பித்தோம், அதோடு அடங்கியது. நீ ஸ்வாப் கொடுக்கப் போகும்போது, அதற்கு முன்னால் சில நாட்கள் க்ரீம் எதுவும் போடாமல் போ, போட்டுக்கொண்டு போனால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம்.