ஆனந்த நம்பியார் நாடாளுமன்றம் போனதால் டெல்டாவுக்குக் கிடைத்தது என்ன?

மாயூரத்தான்:
1952இல் மாயூரம் (இன்றைய மயிலாடுதுறை) தொகுதி கம்யூனிஸ்ட் தலைவர் கே. ஆனந்த நம்பியாரை மக்களவைக்கு அனுப்பியதைக் கூலித் தொழிலாளரின் வெற்றியாகச் சிலர் இங்கே எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ரயில்வேத் தொழிற்சங்கத்தில் உருவான அவருடைய பலம் திருச்சி பொன்மலை ரயில் பணிமனையில் இருந்தது. அதே ஆண்டு வந்த தஞ்சைப் பண்ணையாள் (நிலவுடைமையாளரிடம் கட்டுண்டு உழைத்த கூலியாள்) பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கைத் தந்ததென்றால், சாட்டையடியையும், தண்டனையாகக் குடிக்கவைத்த சாணிப்பாலையும் எதிர்த்து விவசாய சங்கத் தலைவர் பி. சீனிவாசராவும் தோழர்களும் ஊர் ஊராகத் திரட்டிய பண்ணையாட்களே அதற்குக் காரணம். டெல்லியில் இருந்த உறுப்பினர் அல்ல.

பொன்மலைவாசி:
ஐயா, சீனிவாசராவின் உழைப்பை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ரயிலையும் வயலையும் நீங்கள் பிரிப்பது சரியன்று. அந்தப் பணிமனையே நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்ததுதான்; ஆட்குறைப்பை எதிர்த்து 1928இல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் முன்னின்ற வேலைநிறுத்தமும் நாகைத் தொழிலாளரையும் சேர்த்தே நடந்தது. 1946இல் தொழிலாளருக்கென ஒதுக்கப்பட்ட ரயில்வேத் தொழிற்சங்கத் தொகுதியிலிருந்து நம்பியார் சென்னை சட்டமன்றத்துக்குப் போனார். அதே ஆண்டு செப்டம்பர் 5இல் பொன்மலை சங்கத்திடலில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஐந்து தொழிலாளர்கள் பலியானார்கள். சட்டமன்ற உறுப்பினர் என்ற பதவி அந்தத் தோட்டாக்களைத் தடுக்கவில்லை என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆயினும் பின்னர் தடுப்புக்காவலில் அடைக்கப்பட்ட அவர் உயர் நீதிமன்றம் சென்றபோது, காவலில் இருக்கும் உறுப்பினர் பேரவைத் தலைவருக்கும் உரிமைக் குழுத் தலைவருக்கும் எழுதும் கடிதத்தை அரசு நிறுத்திவைக்க முடியாது என்று 1952இல் வெளியான தீர்ப்பு கூறியது. இன்றும் அவை உரிமை பற்றிய பேச்சில் அவர் பெயர் வருவதற்குத் தொழிற்சங்கத்தில் பழகிய அந்த விடாப்பிடியே காரணம் என்பேன்.

நாகை வாசகி:
1965ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். மக்களவை உறுப்பினர்களாக இருந்த அவரையும் ஆர். உமாநாத்தையும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் அடைத்துவைத்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாயூரத்தான்:
அந்தத் தீர்ப்பு என் பக்கமே நிற்கிறது, அம்மா. முந்தைய 1952 தீர்ப்பால் பேரவைத் தலைவருக்குக் கடிதம் எழுதும் உரிமை உறுப்பினருக்குக் கிடைத்தது. அதே காலத்தில் சிறையில் கிடந்த பண்ணையாளின் கடிதத்தைக் கேட்க எந்த அவை இருந்தது? மேலும், அவர் 1962இலும் 1967இலும் வென்றது திருச்சியில்; மாயூரத்தில் அல்ல.

பொன்மலைவாசி:
திருச்சியில்தான் பொன்மலை இருக்கிறது. தன்னை வளர்த்த தொழிலாளர் வாக்களிக்கும் தொகுதியில் அவர் நின்றதைக் குறையாகச் சொல்ல என்னால் இயலவில்லை. பண்ணையாளின் கடிதம் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. அந்தக் குரல் அவைக்குள் போக உறுப்பினர் ஒருவராவது வேண்டியிருந்தது என்பதால்தான் மாயூரம் மக்கள் அவருக்கு வாக்களித்தார்கள் என்று நான் கருதுகிறேன்.