"புரிந்தது சார்" என்கிறார்கள். உண்மையில் புரிந்ததா என்று எப்படி அறிவது?

கேள்வி: அம்பத்தூர் பட்டறைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் சி.என்.சி. லேத் (கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரம்) பிரிவின் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துவிட்டு அப்ரண்டிஸாக வரும் பிள்ளைகளுக்கு வேலை சொல்லித் தருவது என் பொறுப்பு.

வெட்டுமுனை தேயத் தேயப் பொருளின் வெளிவிட்டம் கூடிக்கொண்டே போகும் என்பதால், அதை ஈடுகட்ட ஆஃப்செட்டில் (முனையின் நிலையைத் திருத்த இயந்திரத்தில் பதியும் எண்) மைனஸ் அளவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வருவோம். புது இன்செர்ட் (மாற்றிப் பொருத்தும் வெட்டுமுனை) பொருத்தியதும் அந்த அளவைப் பூஜ்யமாக்கி, முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே அடுத்ததை ஓட்ட வேண்டும். சென்ற மாதம் ஒரு தம்பிக்கு இதை அரைமணி நேரம் விளக்கிவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டேன். "புரிந்தது சார்" என்றார். நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது, புது முனையைப் பொருத்திவிட்டுப் பழைய அளவைப் பூஜ்யமாக்காமலே ஓட்டியதால் 18 பீஸ்கள் 0.06 மி.மீ. குறைவாக வந்து ஸ்கிராப் ஆகியிருந்தன. அவர் அக்கறையில்லாதவர் அல்லர். நான் சொன்னது அத்தனையும் அவருடைய நோட்டில் இருந்தது. அதனால்தான் கோபத்தைவிட வருத்தம் மிகுதியாக இருக்கிறது. நான் சொல்லித் தரும் முறையில் எதை மாற்ற வேண்டும்?

பதில் 1: வடசென்னை ஆசிரியை

ஐயா, "புரிந்ததா?" என்ற கேள்வியை வகுப்பில் நான் விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. பெரியவர் ஒருவர் அவ்வளவு நேரம் பாடுபட்டு விளக்கிய பிறகு "புரியவில்லை" என்று சொல்வதை நம் பிள்ளைகள் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது எனக்குப் பிடித்துப்போனது, பிள்ளை ஒரு அட்டையைத் தானே செய்து முடித்த பிறகுதான் அடுத்த அட்டைக்குப் போக முடியும் என்பதுதான். "நேற்று வராத உன் நண்பனுக்கு இதை எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

கேட்ட பிறகு பொறுத்திருங்கள் என்பதையும் வற்புறுத்திச் சொல்கிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் மாணவர்களின் விடைகள் நீண்டன, வாய் திறக்காதிருந்த பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். அந்த மூன்று நொடி மௌனத்தைத் தாங்குவதுதான் நமக்குக் கடினம். எனக்கு இன்றும் கடினம்.

பதில் 2: செவிலியர், கீழ்ப்பாக்கம்

மருத்துவர் தொலைபேசியில் மருந்தின் அளவைச் சொன்னால், நாங்கள் அதை எழுதி, எழுதியதை அவருக்கே திருப்பிப் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே கொடுப்போம். நோயாளிக்கு இன்சுலின் போடக் கற்றுத்தரும்போது, "நான் தெளிவாகச் சொன்னேனா என்று தெரிய வேண்டும், ஒருமுறை எனக்குச் செய்து காட்டுங்கள்" என்போம். இப்படிக் கேட்டால் பிழை விளக்கிச் சொன்னவர்மேல் விழுகிறதே தவிர, அதைக் கேட்டுக்கொண்டவர்மேல் விழுவதில்லை.

பதில் 3: ஓய்வுபெற்ற பயிற்றுநர், கிண்டி

மேலே சொன்னவை சரிதான் என்றாலும், ஒன்றில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. எல்லாவற்றையும் மேற்பார்வையாளரே சொல்லித் தர வேண்டியதில்லை. ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் நிற்கும், உடன் பயில்பவரோடு பழகுவதால் இன்னொரு கால் சேரும், பிறருக்கு எடுத்துரைப்பதால்தான் மீதி அரைப் பங்கும் நிறையும் என்று நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார் சொல்லியிருக்கிறார். ஆறு மாதம் ஆன அப்ரண்டிஸிடம் புதியவரை ஒப்படையுங்கள். நீங்கள் அருகில் நின்று, குறுக்கிடாமல் கேளுங்கள். சொல்லிக்கொடுக்கும் பையன் எங்கே தடுமாறுகிறானோ, அங்கேதான் உங்கள் விளக்கத்திலும் ஓட்டை இருக்கிறது.

தம்பி, இன்னொன்றும் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். பூஜ்யமாக்க வேண்டும் என்று சொன்னீர்கள். ஆக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவனிடம் சொன்னீர்களா?

கேள்வி கேட்டவர்

ஐயாவின் கேள்விக்கு நேர்மையான விடை: சொல்லவில்லை. எனக்குப் பழகிப்போன விஷயம் என்பதால் சொல்லத் தோன்றவே இல்லை. நேற்று அந்தத் தம்பியை அழைத்து, பழைய மைனஸ் அளவோடு புது முனை ஓடினால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, ஆசிரியை அம்மா சொன்னபடி மனத்துக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். ஆறு வரை எண்ணியிருப்பேன். பிறகு அவரே ஒரு தாளை எடுத்து, முனை உள்ளே தள்ளி நிற்பதை வரைந்து, "விட்டம் குறைந்துவிடும் சார்" என்றார்.

எங்கள் ஷிஃப்டில் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் இருவர் இருக்கிறார்கள். தமிழ் அதிகம் தெரியாது. அவர்களைச் சொல்லிக் காட்டச் சொல்ல முடியாதே, என்ன செய்வது?

ஓய்வுபெற்ற பயிற்றுநர், கிண்டி

அவர்களிடமும் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள் தம்பி. வரைந்த பிறகு இயந்திரத்தில் செய்து காட்டட்டும். முதல் பீஸை அவர்களே அளந்து, அளவை எழுதிக் கையெழுத்திட்டு உங்களிடம் கொண்டுவரட்டும்.