டிடி ஃப்ரீ டிஷ்: கடலூரில் எந்தப் பக்கம் திருப்புவது?

கேள்வி (தேவனாம்பட்டினம்): மொட்டை மாடியில் நானே டிஷ் மாட்டுகிறேன். தென்கிழக்கே திருப்பியும் ‘நோ சிக்னல்’தான். பக்கத்து வீட்டுத் தென்னை மறைக்குமோ?

பதில்: தென்கிழக்கு சரிதான். ஃப்ரீ டிஷ் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில். நம்மூரிலிருந்து பார்த்தால் தொடுவானத்துக்கு மேலே கிட்டத்தட்ட 69 டிகிரி. தள்ளி நிற்கிற தென்னை ஒன்றும் செய்யாது அண்ணே. செட்-டாப் பாக்ஸை ஆஃப் செய்துவிட்டு, கேபிள் முனையில் திருகி மாட்டும் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். கேபிளின் வெளிப்பக்கக் கம்பிப் பின்னலில் ஓர் இழை நடுச் செம்புக் கம்பியைத் தொட்டாலே போச்சு, டிஷ் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பிக்குக் கரண்ட் ஏறாது.

பதில்: உப்புக் காற்றில் கனெக்டர் சீக்கிரம் பச்சை பூக்கும், ரப்பர் டேப் சுற்றிவிடுங்கள். அப்புறம், சுவருக்குள் நுழையும் முன் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிடுங்கள். மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கேட்டவர்: இழை தொட்டுக்கொண்டுதான் இருந்தது. வெட்டியதும் படம் வந்துவிட்டது. சரி, அந்த டேப் மஞ்சக்குப்பத்தில் கிடைக்குமா?