பழைய கம்பெனி பி.எஃப். மாற்றம் நிற்கிறது: விலகிய தேதி தவறு

சென்னையில் ஐ.டி. வேலை. நாற்பத்தைந்துக்குள் சம்பளத்தை நம்பாமல் வாழத் திட்டம். அதில் பாதுகாப்பான பகுதி முழுக்க பி.எஃப்.தான். அது இப்போது இரண்டு கணக்காகக் கிடக்கிறது.

பழைய வேலை 2016 ஆகஸ்ட் முதல் 2025 மே 30 வரை. புது வேலை 2025 ஜூன் 9 முதல். பழைய நிறுவனம் விலகிய தேதியை ஜூன் 30 என்று ஏற்றிவிட்டது. இரண்டு சேவையும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், படிவம் 13 (பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றும் விண்ணப்பம்) விளக்கம் கேட்டுத் திரும்பி வருகிறது. ஆனால் பாஸ்புக்கில் கடைசிப் பங்களிப்பு மே மாதச் சம்பளத்துக்குத்தான்.

செய்து பார்த்தவை: பி.எஃப். போர்ட்டலில் விலகிய தேதியை நாமே பதியும் 'மார்க் எக்ஸிட்' வேலை செய்யாது, தேதி காலியாக இருந்தால்தான் அது திறக்கும். என் யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) 2017 அக்டோபர் 1க்கு முந்தையது, அதனால் நானே திருத்தவும் வழியில்லை. ஆன்லைனில் ஜாயின்ட் டிக்ளரேஷன் (ஊழியரும் நிறுவனமும் சேர்ந்து தரும் திருத்த விண்ணப்பம்) போட்டேன், பழைய நிறுவனத்தின் ஒப்புதலுக்குக் காத்துக் கிடக்கிறது. அவர்களுடைய டிஜிட்டல் கையொப்பம் காலாவதி, ஹெச்.ஆர். மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. குறைதீர் தளமும் "நிறுவனத்தை அணுகவும்" என்று மூடிவிட்டது.

பழைய சேவை ஒன்பது வருடத்துக்குச் சற்றுக் குறைவு. புதுச் சேவையோடு சேர்ந்தால்தான் ஓய்வூதியத்துக்கான பத்து வருடம் நிரம்பும், விட்டுவிட மனமில்லை.

ரிலீவிங் லெட்டர், மே மாத பே ஸ்லிப், ஃபார்ம் 16 கையில் உள்ளன.

நிறுவனம் மூடப்படாமல், கையொப்பம் மட்டும் காலாவதியான நிலையில், காகித ஜாயின்ட் டிக்ளரேஷனை வட்டார அலுவலகத்தில் நேரில் கொடுத்துத் தேதியைத் திருத்தியவர்கள் யாராவது உண்டா, யாருடைய சான்றொப்பத்தை ஏற்றார்கள்?