பச்சிளம் குழந்தைப் பிரிவில் ஊசிக்குத்தும் தொற்றும்: பணியாளர்களின் அனுபவங்கள்

செவிலியர், அரசு மருத்துவமனை:

பிறந்த குழந்தையிடமிருந்து நமக்கு என்ன தொற்றிவிடப் போகிறது என்ற எண்ணம் எங்கள் பிரிவுக்குப் புதிதாக வருபவர்களிடம் இன்றும் இருக்கிறது. பிரசவ அறையிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவரப்படும் குழந்தையின் தலைமுடியிலும் காதுமடலின் பின்புறத்திலும் தாயின் இரத்தமும் பனிக்குட நீரும் உலர்ந்து ஒட்டியிருக்கும். உடல் குளிர்ந்துவிடாமலிருக்க முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறார்கள் என்பதால், அதுவரை கையுறை இல்லாமல் அக்குழந்தையைத் தூக்கவே கூடாது.

ஓர் இரவுப் பணியில், கர்ப்பகாலப் பரிசோதனை எதுவும் செய்துகொள்ளாமல் வலியோடு வந்து சேர்ந்த தாய் ஒருவரின் குறைமாதக் குழந்தைக்கு, என்னுடன் பணியாற்றும் இளைய செவிலியர் ஊசி வழியாக இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தை காலை உதறவே, வெளியே வந்த ஊசி கையுறையைத் துளைத்து அவருடைய ஆள்காட்டி விரலில் இறங்கியது. விரலைப் பிதுக்காமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உடனே பணி மருத்துவரிடம் தெரிவித்தோம். யாருடைய இரத்தத்தைச் சோதிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குழந்தையின் இரத்தத்தில் இருப்பவை தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்கள்) என்பதால் முதலில் தாயைச் சோதிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றால் 2 மணி நேரத்துக்குள்ளும், எப்படியும் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்க வேண்டும் என்பதால், முடிவுக்குக் காத்திராமல் முதல் மாத்திரையை மருத்துவர் கொடுத்துவிட்டார். தாய்க்கு எச்.ஐ.வி. இல்லை, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று இருந்தது.

எல்லாரும் அஞ்சுவது எச்.ஐ.வி.யைத்தான். ஆனால் ஊசிக்குத்தினால் அது தொற்றும் வாய்ப்பு 1,000-க்கு 3 அளவில்தான் இருக்கிறது; தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ 100-க்கு 30 வரை போகக்கூடும். எங்கள் இளைய செவிலியர் அத்தடுப்பூசியின் 3 தவணையும் போட்டு, எதிர்ப்பொருள் அளவு பாதுகாப்புக்குத் தேவையான 10-க்கு மேல் இருப்பதையும் சோதித்து வைத்திருந்ததால், மேற்கொண்டு எந்தச் சிகிச்சையும் தேவைப்படவில்லை. குழந்தைக்கு 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்புக்கான ஆயத்த எதிர்ப்பொருள் ஊசி) போட்டோம்.

குழந்தை நல மருத்துவர்:

நான் கர்ப்பமாக இருந்தபோது, கருவைப் பாதிக்கக்கூடிய சைட்டோமெகலோ வைரஸ் தொற்றுடன் பிறந்த ஒரு குழந்தையை என்னிடமிருந்து வேறொருவருக்கு மாற்றிவிட்டார்கள். அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் அதில் பாதுகாப்பு ஏதும் இல்லை என்பதே என் கருத்து. இத்தொற்றோடு பிறக்கும் குழந்தைகளில் சுமார் 90 சதவீதத்தினருக்குப் பிறக்கும்போது எந்த அறிகுறியும் இராது. சிறுநீரிலும் உமிழ்நீரிலும் வைரஸை வெளியேற்றிக்கொண்டு அவர்கள் அடுத்த வார்மரிலேயே (குழந்தையைச் சூடாக வைக்கும் படுக்கை) படுத்திருக்கக்கூடும். ஒவ்வொரு குழந்தையின் ஈரத்துணியை மாற்றிய பிறகும் கை கழுவுகிறவருக்கு, வெளியில் இருக்கும் பெண்களைவிட அதிக ஆபத்து இல்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. பிறவி ரூபெல்லா (தாயின் வயிற்றிலேயே தொற்றிய ஜெர்மன் தட்டம்மை) அப்படியல்ல. அக்குழந்தைகள் ஓராண்டு வரைகூட வைரஸை வெளியேற்றலாம்; அதற்கான தடுப்பூசியைக் கர்ப்பகாலத்தில் போடவும் முடியாது. ஆகவே பணியில் சேரும்போதே அதைப் போட்டுக்கொள்ளுமாறு இளம் சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

செவிலியர் கண்காணிப்பாளர்:

மேலே எழுதிய சிஸ்டரின் தோழிக்குத் தடுப்பூசி இருந்தது. நான் பார்த்த துப்புரவுப் பணியாளருக்கு அது இல்லை. கூர்மையான பொருள்களுக்கென இருக்கும் வெள்ளைப் பெட்டியில் விழ வேண்டிய, குழந்தைக்குப் பயன்படுத்திய சிறு ஊசி ஒன்று மஞ்சள் பைக்குள் கிடந்து, பையின் வாயைக் கட்டும்போது அந்த அம்மாவின் உள்ளங்கையில் ஏறியது. எந்தக் குழந்தையின் ஊசி என்பதே தெரியாததால் யாரையும் சோதிக்க வழியில்லை. அன்றே இம்யூனோகுளோபுலினும் முதல் தவணைத் தடுப்பூசியும் போட ஏற்பாடு செய்தோம். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் ஊழியர் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடச் சொல்கின்றன. ஒப்பந்தப் பணியாளரை மட்டும் அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. இப்போது தடுப்பூசி அட்டை இல்லாமல் ஒப்பந்ததாரர் அனுப்பும் எவரையும், பணியைத் தொடங்கும் முன் நானே அழைத்துச் சென்று முதல் தவணையைப் போட வைக்கிறேன்.