ஷீட் ஒரே மாதிரி சூடாக மாட்டேங்குது, வழி சொல்லுங்கண்ணே

கப்பலூர்க்காரன்: அண்ணே, கப்பலூர்ல சின்ன ஷெட்டு, பெட்டி மாதிரி சேம்பர் ஃபர்னஸ். ஹாட் ஸ்டாம்பிங் வேல, அதாவது ஷீட்ட சூடாக்கி, பிரஸ்ல டைங்கிற அச்சுக்குள்ள அடிச்சு, அங்கயே ஆறவச்சு கெட்டியாக்குறது. போரான் ஸ்டீல் ஷீட்ட 930 டிகிரி செட் பண்ணி 5 நிமிஷம் வைக்கிறோம், நடுவுல நல்லா ஆரஞ்சா வருது ஆனா கதவு பக்கத்து மூல மட்டும் மங்கலா செவந்து கெடக்கு, அடிச்சப்புறம் அங்கதான் ஹார்ட்னஸ் வரல. இன்னும் 30 டிகிரி ஏத்திரவா?

பழைய டைமேக்கர்: ஏத்தாத தம்பி. மீட்டர் காட்டுறது ஃபர்னஸ் சூடு, ஷீட் சூடு இல்ல. ஒரு ஸ்கிராப் ஷீட்ல நாலு மூலைக்கும் நடுவுக்கும் சூடு அளக்குற தெர்மோகப்பிள் கம்பிய ஸ்பாட் வெல்டு வச்சு உள்ள விட்டுப் பாரு, எது பிந்துதுன்னு தெரிஞ்சுரும். எங்களுக்கு கதவு சீல் பிஞ்சு போயி காத்து ஏறிட்டு இருந்துச்சு, மாத்துனதும் பாதி சரியாச்சு.

கப்பலூர்க்காரன்: ஃபர்னஸுக்குப் பதிலா இண்டக்ஷன்ல, கரண்டு காயில் வச்சு, சட்டுன்னு சூடாக்குனா?

வைகைக்கரை: ஷீட் மேல கோட்டிங் இருக்கா? அலுமினியம் சிலிக்கான்னா 600 டிகிரி கிட்டயே உருகிரும், நிதானமா ஏத்துனாத்தான் இரும்பு அதுக்குள்ள ஊறி நிக்கும், அவசரப்பட்டா ஒழுகி உள்ள எல்லாம் ஒட்டி நாறிரும். வெறும் ஷீட்டுன்னா ஃபர்னஸுக்குள்ள நைட்ரஜன் விடுங்க, இல்லாட்டி காத்து பட்டு செதில் செதிலா உரியும்.

கப்பலூர்க்காரன்: வெறும் ஷீட்டுதான். ரெண்டு பேரு இடுக்கில தூக்கி டைல வைக்க 15 செகண்டு ஆகுது.

பழைய டைமேக்கர்: அட, இத மொதல்லயே சொல்றதில்லயா! அந்த மூல போற வழிலயே ஆறிப்போகுதுப்பா. ஃபர்னஸ பிரஸ்ஸுக்கு பக்கத்துல நகத்து.